ஒரே சத்தம்

மேசை விளிம்பில் ஒரு அஞ்சு ரூபாய்க் காசு, மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்கேலின் நுனியில் இன்னொரு அஞ்சு ரூபாய்க் காசு, அவ்வளவுதான் சோதனை, வேறு ஒரு சாமானும் வேண்டாம், இந்த ரெண்டு காசை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷமாகப் பதினோராம் வகுப்பை வாயைப் பிளக்க வைத்தவள்தான் பிலோமி டீச்சர், இன்றைக்கு என்னடாவென்றால் காசு நிற்க மாட்டேன் என்கிறது. விரல் வேர்த்திருக்கிறது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். நிற்கிறது. மூச்சு விட்டால் விழுந்துவிடும் போலிருக்கவே மூச்சையும் பிடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு சிஸ்டர் கிளாரா உட்கார்ந்திருக்கிறார். தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தால் எந்த டீச்சருக்குத்தான் பயம் வராது, அது சகஜம்தான், பிலோமிக்குக்கூட பயம் இருக்கு பாரேன் என்று சிரிப்பார்கள், அதோடு போய்விடும். அவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் கோயிலுக்கு மெழுகுவத்திக் கட்டு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். சிஸ்டர் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையிடம் குனிந்து என்னவோ கேட்கிறார். அந்தப் பிள்ளை இவளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறது. ஏன் இவளைப் பார்த்தது? டீச்சர் எப்படி நடத்துறாங்கன்னு கேட்டிருப்பார். இல்லை, டீச்சருக்கு என்னட்டி ஆச்சுன்னு கேட்டிருப்பார். இல்லை, இல்லை, தண்ணி கேட்டிருப்பார், வெயில் இப்படிக் கொளுத்துகிறதே. பிலோமி டீச்சர் பொதுவாக எல்லாருக்குமாக ஒரு சிரிப்பைச் சிரித்துவைத்தாள். அவளிடம் ஏதாவது கேட்டிருந்தால் அது பதில், கேட்கவில்லையென்றால் அது வெறும் சிரிப்பு.

காது கேட்கவில்லை. விஷயம் இவ்வளவுதான், சொன்னால் ரெண்டு வார்த்தை, அதைச் சொல்லாமல் மூன்று வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறாள். முதலில் போனது குக்கர் விசில். புருஷன் சேவியர் வந்து அடுப்படி வாசலில் நின்று கத்தின பிறகுதான் பருப்பு கருகிய வாசனையே மூக்கில் ஏறியது. அப்போதுகூட உறைக்கவில்லை, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மும்முரம் என்று தானே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைத் தட்டு வருகிறது, முன்வரிசையில் காசு விழுவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. அடடே, தட்டில் துணி விரித்திருக்கிறார்கள் போலிருக்கே, நல்ல யோசனை என்று நினைத்துக்கொண்டாள் பாவி. தட்டு கைக்கு வந்தது. துணியும் இல்லை, மண்ணும் இல்லை, பளபளவென்று பித்தளை. காசைப் போட்டாள், ஊமையாக விழுந்தது. அன்றைக்குப் பிரசங்கம் முழுக்கத் தட்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி போனால் இன்றைக்கும் கேட்கிறது, கேட்கிறது என்ன, தரை அதிர்கிறது. ஆம்பிளைக் குரல் பாதி வருகிறது. பிள்ளைகளின் குரல்தான் மெல்லிசுக் குரலாச்சே, அது இந்த இரைச்சலுக்குள் எங்கேயோ கரைந்துபோகிறது. ஆமாம், இரைச்சல் ஒன்று வேறு, ராப்பகல் ஓயாது, தலைக்குள் யாரோ மாவு சலித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. பாளையங்கோட்டை டாக்டர் ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார், கோடு போகப் போகக் கீழே இறங்கியது, அவளுக்கு அந்த நேரத்திலும் இது பரவளையத்தின் வலது பாதி இல்லையா என்றுதான் தோன்றியது, வாத்தியார் புத்தி எங்கே போகும். நரம்பு தேஞ்சிருக்கும்மா, மெஷின் வச்சுக்கிடுங்க. மெஷின் வைத்தால் காதுக்குப் பின்னால் தெரியும். பிள்ளைகள் வைக்காத பட்டப்பெயரா? கணக்கு டீச்சருக்கு ஒன்று, தமிழய்யாவுக்கு ஒன்று, ஏன், சிஸ்டருக்கே ஒன்று இருக்கிறது. செவிட்டு டீச்சர் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அதுவும் அவள் முன்னாலேயே சொல்லலாம், அவளுக்குத்தான் கேட்காதே.

வாயைப் பார்த்துப் பழகிக்கொண்டாள். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, வேறு வழியில்லாமல் வந்த வித்தை. நேருக்கு நேர் வெளிச்சத்தில் நின்று பேசினால் முக்கால்வாசி பிடித்துவிடுவாள். ஆனால் அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் எவள் எந்த மூலையிலிருந்து எப்போது வாயைத் திறப்பாள் என்று எந்த டீச்சரால் காவல் காக்க முடியும்? அதற்குத்தான் ஒரு சட்டம் போட்டாள். சந்தேகம் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தக் கூடாது, எழுந்து வந்து கரும்பலகையில் எழுத வேண்டும். பதில் தெரிந்தால் வாயால் சொல்லக் கூடாது, விரலால் காட்ட வேண்டும், முதல் விடைக்கு ஒரு விரல், ரெண்டாவதுக்கு ரெண்டு. ஆரம்பத்தில் பிள்ளைகள் முனகியிருக்கும், முனகட்டும், அதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் பார்த்தால் என்ன அதிசயம், வாயே திறக்காத பிள்ளையெல்லாம் பலகைக்கு வந்து எழுதுகிறது, வகுப்பு தேவாலயம் மாதிரி அமைதியாக இருக்கிறது, காலாண்டில் இயற்பியலில் ஒருத்தி பாக்கியில்லாமல் தேறிவிட்டார்கள். டீச்சர்கள் கூட்டத்தில் சிஸ்டர் எழுந்து நெடுநேரம் என்னவோ பேசினார், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பேசினால் யார் கண்டது, எல்லாரும் கை தட்டினார்கள், பிலோமி டீச்சரும் நன்றாகத் தட்டினாள், யாருக்கோ விருது போலிருக்கிறது என்று. எல்லாரும் இவளைப் பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்தது, பாராட்டே இவளுக்குத்தான். தனக்குத் தானே கை தட்டிக்கொண்ட டீச்சர் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு சிஸ்டர் எதிரே வந்து நின்று சொன்னது தெளிவாகப் புரிந்தது. உங்க முறைய எல்லா வகுப்புலயும் கொண்டுவரப் போறேன் பிலோமி, அதுக்கு முன்னாடி நானே ஒருநாள் உக்காந்து பாக்கணும். போச்சா. குழி தோண்டி ஒளிந்துகொண்டால், குழி அழகாக இருக்கிறதே என்று எட்டிப் பார்க்க வருகிறார்கள்.

பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எறிபொருள் என்றால் என்ன, எறிந்த பிறகு அதைப் பிடித்து இழுப்பது பூமி மட்டும்தான், நம் கை எப்போதோ விட்டுவிட்டது, எல்லாம் சொல்லியாகிவிட்டது. கிடைத்தளமாகப் போகிற வேகம் தன்பாட்டுக்குப் போகும், கீழே விழுகிற வேகம் தன்பாட்டுக்குக் கூடும், ஒன்றின் சேதி இன்னொன்றுக்குத் தெரியாது. அப்படியானால் சும்மா நழுவ விட்ட காசும், பலமாகத் தள்ளிவிட்ட காசும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பினால் எது முதலில் தரையைத் தொடும்? நழுவினது என்றால் ஒரு விரல், தள்ளினது என்றால் ரெண்டு, சேர்ந்து என்றால் மூன்று. முக்கால்வாசி ஒரு விரல். வருஷா வருஷம் ஒரு விரல்தான், அதில் ஒரு சந்தோஷம், தப்பாகச் சொல்கிற பிள்ளை முகம் மாறுகிற அந்த நிமிஷத்துக்காகத்தானே இந்தத் தொழில். முன்பெஞ்சு முத்தரசி எழுந்து வந்தாள், உப்பளத்து வீட்டுப் பிள்ளை, கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சாக்பீஸை அழுத்தி அழுத்தி எழுதினாள், 'தள்ளுற வேகத்த ரொம்பக் கூட்டினா விழுறது லேட்டாகாதா டீச்சர்?' ஆகாது என்று சொன்னாள் பிலோமி டீச்சர். எவ்வளவு வேகமாத் தள்ளினாலும் தூரந்தாம்ட்டி கூடும், விழுற நேரம் கூடாது. சொல்லி முடித்த பிறகுதான் தன் பதில் தனக்கே உறைத்தது. மூன்று வருஷமாக அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? யாரும் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் அவளே பத்துக் கேள்வி கேட்டு, யாரும் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே பேசி, டீச்சர்கள் அறையில் வேலை இருப்பது போல் கையில் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி, வீட்டில் சேவியர் வாயெடுக்கும் முன் அவரை மார்க்கெட்டுக்கு விரட்டி, வேகம், வேகம், வேகம். வேகமாகப் போனால் விழுவது தள்ளிப்போகும் என்று இந்த முத்தரசியைப் போலத்தானே நினைத்தாள். படித்து என்ன பிரயோஜனம். புத்தகத்தில் இருப்பது தன் தலைக்கு வரும்போது எவளுக்கும் ஞாபகம் வருவதில்லை.

சேவியருக்குத் தெரியாது. அவர் பின்னாலிருந்து கூப்பிட்டு இவள் திரும்பாவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார். கல்யாணமான நாளிலிருந்து உனக்குத் திமிர்தான் பிலோமி என்று போன வாரம் சண்டை. திமிர் என்றே இருக்கட்டும், அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால்தான் ஆபத்து. அமலி டீச்சரைப் பார்த்தாளே. சர்க்கரை வந்து கண் மங்கியது, அவரே வந்து சிஸ்டரிடம் நேர்மையாகச் சொன்னார், நேர்மைக்கு என்ன கிடைத்தது? ஓய்வா இருங்க டீச்சர் என்று அன்பாகத்தான் சொன்னார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை, வகுப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு நூலகத்தில் உட்கார வைத்தார்கள். இருபது வருஷம் வேதியியலைக் கரைத்துப் புகட்டின மனுஷி புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் புத்தகம் எடுக்க வந்து, டீச்சர்னு கூப்பிடாமல், இங்க ஒருத்தங்க இருப்பாங்கல்ல என்று கேட்டதை பிலோமி டீச்சர் தன் காதால் கேட்டாள், அப்போது காது இருந்தது. சம்பளம் ஒரு பைசா குறையவில்லை, சம்பளத்துக்காகவா கவலை. கரும்பலகை முன்னால் நின்று ஒரு கோடு இழுத்து, அறுபது முகமும் அந்தக் கோட்டின் பின்னாலேயே வருகிறதே, அதை எடுத்துவிட்டால் பிலோமினா என்று என்ன மிச்சம் இருக்கும்? அம்மா இல்லை, பிள்ளை குட்டி இல்லை, பாட்டு வராது, சமையலும் சுமார். இந்த மேடை, இந்த சாக்பீஸ் தூசி, ஏட்டி அங்க என்ன பேச்சு என்று ஒரு அதட்டல், இதுதான் அவள். விட மாட்டாள். இயேசுவே, இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் தாண்ட வைத்துவிடு.

சரி, காசு நிற்கிறது. இனிமேல்தான் கண்டம். இந்தச் சோதனையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, காசு விழுகிற வேகத்துக்குக் கண் ஓடாது, கேட்க வேண்டும். ரெண்டு காசும் சேர்ந்து விழுந்தால் டங்கென்று ஒரே சத்தம், முன்னே பின்னே விழுந்தால் ரெண்டு சத்தம். பழைய நாளில் அவளும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், கொஞ்சம் பிசகியிருந்தால் கெடுத்துட்டேன் பிள்ளைகளா, இன்னொரு தடவை என்று மறுபடி சுண்டுவாள். இப்போது ஒரு சத்தமா ரெண்டு சத்தமா என்று எதைக் கொண்டு அறிவாள்? பிள்ளைகளைக் கொண்டுதான். ராத்திரி படுத்துக்கொண்டு கண்டுபிடித்த வழி, அதை நினைத்துக் காலையில் பஸ்ஸில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள். "எல்லாரும் கண்ண மூடுங்க," என்றாள். "கண்ணத் தொறந்துக்கிட்டு இருந்தா கண்ணு உங்கள ஏமாத்தும். காத மட்டும் நம்புங்க. ஒரு சத்தம் கேட்டா ஒரு விரல், ரெண்டு கேட்டா ரெண்டு. பக்கத்துல பாத்துக் காட்டுனா எனக்குத் தெரியும், சொல்லிட்டேன்." இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அறுபது பேரும் கண்ணை மூடினார்கள். சிஸ்டர் கிளாராவும் சிரித்துக்கொண்டே மூடினார், மூடிக்கொண்டு குழந்தை மாதிரி விரலை வேறு தயாராக வைத்துக்கொண்டார். என்ன ஒரு நிம்மதி அந்த ஒரு நொடி. யாரும் பார்க்கவில்லை. முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவள் ஸ்கேலைப் பிடித்தாள். கண்ணைக் காசின் மேல் வைத்தால் விரல்கள் உயருவது தவறிவிடும், யார் முதலில் காட்டினார்கள், யார் தயங்கினார்கள் என்பதில்தானே பதில் இருக்கிறது, ஆகவே கண்ணை வகுப்பின் மேல் வைத்துக்கொண்டு கையை மட்டும் சுண்டினாள்.

விரல்கள் எழுந்தன. ஒன்று, ஒன்று, ஒன்று, கடைசிப் பெஞ்சு வரைக்கும் ஒன்று. முத்தரசி ஒன்று. சிஸ்டர் ஒன்று. ரெண்டு விரல் காட்டினவள் ஒருத்திகூட இல்லை, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சுத்தமான சோதனை விழுந்ததே இல்லை, ஒவ்வொரு வருஷமும் ஒரு நாலைந்து மக்குப் பிள்ளைகள் ரெண்டு காட்டும், இந்தத் தடவை ஆண்டவரே பார்த்து காசைப் பிடித்து ஒன்றாகக் கீழே வைத்திருக்கிறார். சேவியருக்கு இன்றைக்கு ஊளி மீன் வாங்கிக் குழம்பு வைக்க வேண்டும். கண்ணத் தொறங்க, என்று சொல்லிவிட்டுத் துள்ளலாகத் திரும்பினாள், இடுப்பு மேசை முனையில் இடித்தது, வலித்தது, இருக்கட்டும். பலகையில் பெரிதாக எழுதினாள், கொட்டை எழுத்தில். 'ஒரே சத்தம்'. அதன் கீழே, 'எனவே ஒரே நேரம்'. அதன் கீழே ஒரு கோடு. கோட்டின் கீழே உயரத்துக்கும் நேரத்துக்குமான சமன்பாடு, பாருங்க பிள்ளைகளா, இதுல தள்ளுன வேகம் எங்கயாச்சும் வருதா, வரல்ல, ஏன் வரல்ல, ஏன்னா இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கடன்பட்டதில்ல, பலகையைப் பார்த்தபடியே பொழிந்து தள்ளினாள், முதுகுப் பக்கம் அறுபது பேர் வியந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பே கைக்கு ஒரு வேகத்தைக் கொடுத்தது. சமன்பாட்டைக் கட்டம் கட்டினாள். திரும்பினாள்.

ஒருத்தியும் பலகையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் கீழே குனிந்து, மேடைக்கு இடது பக்கம் தரையில் ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ரெண்டாவது பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். என்ன, பல்லியா? பிலோமி டீச்சரும் பார்த்தாள். அஞ்சு ரூபாய்க் காசு ஒன்று படுத்துக்கிடந்தது. அவ்வளவுதானே, சுண்டின காசு அது, அங்கேதான் விழும், அதில் என்ன சிரிப்பு? இன்னொன்று அவள் காலடியில் கிடக்கிறது. சரியாகத்தானே இருக்கிறது. "என்னட்டி?" என்றாள் முத்தரசியைப் பார்த்து. முத்தரசி எழுந்து நின்றாள், எழுதுவதா சொல்வதா என்று தெரியாமல் பலகையையும் டீச்சரையும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். "அந்தக் காசு இப்பத்தான் டீச்சர் விழுந்துச்சு. நீங்க மேசைல இடிச்சீங்கல்லா, அப்ப." பிலோமி டீச்சர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேசை விளிம்பைப் பார்த்தாள். தகரப் பட்டை ஓரிடத்தில் பிய்ந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது. தள்ளின காசு அதில் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. விழுந்தது ஒரு காசுதான், ஒரு காசு விழுந்தால் ஒரே சத்தம்தான் கேட்கும், பிள்ளைகள் உள்ளதைத்தான் காட்டியிருக்கிறார்கள். பிறகு இது விழுந்திருக்கிறது, சிமெண்டுத் தரையில் விழுந்து, ஓடி, சுற்றி, ஊரெல்லாம் கேட்க ஆட்டம் போட்டு அடங்கியிருக்கிறது, அத்தனை நேரமும் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே சத்தம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த டீச்சர் திரும்பாமல் இருப்பாள்? நேற்றுப் பிறந்த பிள்ளைகூடத் திரும்புமே. ஏதாவது சொல் பிலோமி. பாடத்தில் மூழ்கிவிட்டேன் என்று சொல். வேண்டுமென்றேதான் திரும்பவில்லை, உங்களைச் சோதித்தேன் என்று சொல். அது நல்லாயிருக்கிறது, அதைச் சொல்.

சிஸ்டர் கிளாரா எழுந்து வந்தார். காசைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்க்கவில்லை, நேராக மேடையருகில் வந்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே நின்றார். சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. உதடு அசைந்தது, நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் பிசிறில்லாமல் படிக்க முடிந்தது. "பிலோமி, உங்களுக்குக் காது கேக்கலையா?" சே, என்ன பொம்பிளை இவர், அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டா இதைக் கேட்பது, ஒரு ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாதா, எல்லார் காதிலும் விழுந்திருக்குமே, இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சந்தி சிரித்துவிடுமே. விடக் கூடாது. இந்த நிமிஷமே வெட்டிப் பேச வேண்டும், தயங்கினால் தொலைந்தாள், கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும். முகத்தில் ஒரு சிரிப்பை இழுத்து வைத்துக்கொண்டு, நல்ல கணீரென்ற குரலில், "ஏன் சிஸ்டர் கேக்காம? எனக்குக் காது நல்லாக் கேக்குதே!" என்றாள். சொல்லிவிட்டுப் பெருமையோடு பிள்ளைகள் பக்கம் பார்த்தாள். பிள்ளைகள் முழித்தார்கள். வாயைப் பொத்திச் சிரித்தவள்கூடக் கையை எடுத்துவிட்டு முழித்தாள். முத்தரசி சிஸ்டரின் முதுகைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளின் பக்கம் சாய்ந்தாள். யாருட்டி என்ன கேட்டா, என்று அவள் உதடு கேட்டது. பக்கத்தில் இருந்தவள் தெரியலையே என்று கையை விரித்தாள். பிலோமி டீச்சர் மெதுவாகத் திரும்பி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டரின் கண் நிறைந்திருந்தது. சிஸ்டர் உதட்டை மட்டும்தான் அசைத்திருந்தார், குரலே எடுத்திருக்கவில்லை.